மூன்று பாகமும் மோசஸும்

மூன்றாவது முறையாக மோசஸ் செத்துப் போனார். அடுப்படியில் இருந்த மேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தோச ஆறுது. துன்னுட்டு வந்து அப்பால சாவு," என்றாள்.

டிவியில் வாள் பிடித்த ஜப்பான் வீரன் ஒரு பாலத்தருகே குப்புறக் கிடந்தான். மோசஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டார். சிப்காட் உருக்காலையில் காலையிலிருந்து உலைக்கு முன்னால் நின்று வெந்த உடம்பு அது. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு பூதம் நெருப்பைக் கக்குகிறது.

எல்லாம் மகள் ஜெனிபருக்காக. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். பொதுத் தேர்விலும் இப்படியே ஆனால் நர்சிங் கனவை மூட்டை கட்டிவிட்டு அவளும் சிப்காட் பஸ் ஏற வேண்டியதுதான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, எட்வர்ட் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த இந்த கேம் பெட்டியைக் கை காட்டினாள்.

மோசஸ் நம்பிவிட்டார். அவர் வீடு வந்து சேரவே தினமும் மணி பத்தாகிவிடும். மகள் எதை ஆடுகிறாள், எதைப் படிக்கிறாள் என்று அவர் எங்கே கண்டார்? பெட்டியைத் தூக்கி உடைக்கப் போனார்.

"ஒடைக்காதப்பா," என்று குறுக்கே வந்தாள் ஜெனிபர். "கத இன்னா ஆவுதுன்னு தெரியலன்னா என் மனசு இங்கயேதான் சுத்தும். எனக்கு பதிலா நீ ஆடு. பரிச்சைக்குள்ள மொத மூணு பாகத்த முடிச்சி எனக்கு கதைய சொல்லு. நான் படிக்கிறேன்."

பைபிள் மேல் கை வைத்து ஒப்புக்கொண்டார் மோசஸ். ஒரு பாகம் என்றால் ஒரு சினிமா நேரம் என்று நினைத்துவிட்டார், பாவம். இந்த ஆட்டத்தைச் செய்யும் ஜப்பான்காரன் இருபது வருஷமாகப் பாகம் பாகமாக விட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும், ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் ஆளைத் தின்னும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆலையில் கிரேன் ஓட்டும் தாஹாவுக்கு இந்த ஆட்டம் அத்துப்படி. கேன்டீனில் அவன்தான் பாடம் எடுத்தான்.

"பூதத்தாண்ட எடுத்ததுமே போவாதண்ணே. காட்டுல சின்னச் சின்னப் பேயுங்கள அடிச்சிக்கினே இரு. பலம் ஏறும். அப்பால போ."

"எத்தினி அடிக்கணும்?"

"ஒரு முந்நூறு."

"அப்போ இதுவும் ஓவர்டைம்தான்," என்று பெருமூச்சு விட்டார் மோசஸ்.

சாயங்காலம் ஆலை கேட்டில் யேசுதாஸ் பைக்கோடு காத்திருப்பார். ஷிப்ட் முடிந்ததும் இருவரும் ஒயின் ஷாப்பில் ஒதுங்கிவிட்டுப் போவது பத்து வருஷப் பழக்கம்.

"இன்னா மச்சான், இன்னிக்கும் வர்லியா?"

"பேஜார் பண்ணாதடா. முந்நூறு பேய் பாக்கி கீது."

முதல் வாரம் கை நடுங்கியதில் பட்டனையே சரியாக அழுத்த முடியவில்லை. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு திரையில் வருவதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மகளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தார். பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்.

"ஜெனி, இந்தப் பாலத்த எப்டிம்மா தாண்டறது?"

"படிச்சிக்கினு கீறேன்பா. நீயே பாரு."

எப்போது எதைக் கேட்டாலும் இதே பதில்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும், "அப்பால அந்த ராஜா இன்னா ஆனான்?" என்று அவளே கேட்பாள். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

"தவக்காலத்துல ஊரே ஜெபம் பண்ணுது. இவுரு ஒக்காந்து பேய் ஓட்டிக்கினு கீறாரு," என்பாள் மேரி. சொல்லிவிட்டு இன்னொரு தோசை வைப்பாள்.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் மூன்றாவது பாகத்துப் பூதமும் விழுந்தது. துள்ளிக் குதிக்க மோசஸின் உடம்பில் தெம்பில்லை. கட்டைவிரல் இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

மறுநாள் மத்தியானம் ஜெனிபர் பரீட்சை முடித்து வந்தாள். எல்லாமே நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். மோசஸுக்குக் கண் கலங்கிவிட்டது. லீவு போட்டு உட்கார்ந்திருந்தவர், கேம் ரிமோட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சொன்ன மாதிரி முடிச்சிட்டேம்மா. இனிமே நீ ஆடு. என்னால முடியல."

அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"எந்த பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா. நான் ஒரு நாள்கூட இத்த ஆடுனது இல்ல."

மோசஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேரியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ அரையாண்டுல பெயிலானது?"



"தெனமும் நீ குடிச்சிட்டு வந்து போட்ட சத்தத்தாலப்பா."