ஒஸ்தாப் வோட்டுக் கேட்ட கதை

“றோசம்மா, உம்மட மனுசனை உந்த உக்ரைன்காரன் நல்லாப் பாவிக்கிறான். நீர் பாத்துக்கொண்டிருக்கிறீர்.”

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் வராததுமாய், அதே கோயிலுக்கு வருகிற யோசப்பின் அக்கா றோசம்மாவைப் பிடித்துக்கொண்டா.

“நான் என்னக்கா செய்ய? இவர் சொல்வழி கேட்டால்தானே.”

“பாரிசவாதம் வந்த மனுசனைப் படியேத்தி, படியிறக்கி வோட்டுப் பிடிக்கிறான். வருத்தக்காரரைக் கண்டால் சனம் இரங்கும் எண்டு அவனுக்குத் தெரியும். பழம் திண்டு கொட்டை போட்டவனல்லோ.”

அதென்னவோ உண்மைதான். ஒஸ்தாப் உக்ரைனில் தன் ஊரில் ஒரேயொரு முறை நகரசபை மெம்பராய் இருந்தவர். பிறகு மேயருக்கு நின்றார், தோற்றார். திரும்பவும் நின்றார், திரும்பவும் தோற்றார். கடைசி முறை ஒரு ஆட்டுக்கிடாயையும் கூட்டிக்கொண்டு வோட்டுக் கேட்டுப் போனாராம். கிடாயின் கழுத்தில் ஒரு மட்டை: ‘இது உங்களுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.’ சனம் கிடாய்க்கு இலைகுழை குடுத்ததே தவிர, அவருக்கு வோட்டுக் குடுக்கவில்லை.

இப்போது ஜெர்மனியில், டோர்ட்மண்டில், றோசம்மா இருக்கிற கட்டடத்தின் கீழ்வீட்டில் தனிக்கட்டை. ஈரோக் காசு வந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும், வெளிநாட்டுக்காரர் சபைக்குத் தேர்தல் வந்தது. ஒஸ்தாப் இவர்களின் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து மணியடித்தார்.

“தமிழாக்களின்ர வோட்டு வேணும். எனக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் கூட வந்து கதைச்சுத் தரவேணும்,” என்று றோசம்மாவின் மனுசன் யாகோப்பிடம் ஜெர்மனில் கேட்டார்.

யாகோப்பு வாதம் வந்த நாளிலிருந்து டிவிக்கு முன்னால் குந்தினவர், எழும்பவில்லை. நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும், பிறகு கட்டில்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். றோசம்மா கெஞ்சாத கெஞ்சலில்லை. கோயிலால் உதவிக்கு ஒரு ஆளை அனுப்பினார்கள். “எனக்கு ஒருத்தற்ர இரக்கமும் வேண்டாம்” என்று வாசலோடு கலைத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுசன், ஒஸ்தாப் கேட்டதும், “றோசா, என்ர காலுக்குச் சப்பாத்தை எடும்” என்றாரே!

அன்று தொடங்கிப் பின்னேரங்களில் இரண்டு பேரும் தமிழ் வீடுகளாய்ப் பார்த்து ஏறி இறங்கினார்கள். றோசம்மாவுக்கு அது துண்டாய்ப் பிடிக்கவில்லை. ஆனால் கால் மெல்ல மெல்ல இளகி வருவதையும் அவள் கண்டாள். சரி, அவன் எங்களைப் பாவித்தாலும் எங்களுக்கும் நன்மைதானே, ஒரு வோட்டைப் போட்டுவிடுவம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்குத்தான் தேர்தல். யோசப்பின் அக்காவைச் சமாளித்துவிட்டு நேரே வோட்டுப் போடப் போனாள். சீட்டை விரித்தால் ஒஸ்தாப்பின் பேரைக் காணவில்லை. மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். அங்கே வேலைக்கு இருந்த பெட்டையைக் கேட்டாள்.

“அப்படி ஒருத்தரும் நிக்கேல்லையே,” என்றாள் அவள்.

றோசம்மாவுக்கு வந்த கோபத்தில் பஸ்சுக்கும் நிற்கவில்லை. நடந்தே வந்து ஒஸ்தாப்பின் கதவைத் தட்டினாள்.

“நீங்கள் தேர்தலிலேயே நிக்கேல்லையாம். அப்ப ஏன் என்ர மனுசனை ஊரெல்லாம் இழுத்தனீங்கள்?”

ஒஸ்தாப் தலையைச் சொறிந்தார். “நான் இஞ்சை வந்து கனகாலமில்லை. நிக்க விடமாட்டினம்.”

“பிறகு?”

“டொக்டர் சொன்னதையும், கோயில் ஆளை அவர் கலைச்சதையும் நீங்கள் படியில நிண்டு போனில ஆருக்கோ ஜெர்மனில சொல்லி அழுதீங்கள். எனக்குக் கேட்டது. உதவி செய்யிறன் எண்டு போனால் அவர் கதவைச் சாத்துவார். எனக்கு உதவி செய்யுங்கோ எண்டு கேட்டால் எழும்புவார். இவ்வளவு காலம் அரசியலில நான் படிச்சது அது ஒண்டுதான்.”

றோசம்மா அவரின் கையைப் பிடித்தபடி, “கர்த்தர் உங்களைக் காப்பார்” என்று தமிழில் சொல்லி அழுதாள். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினார்.

மேலே யாகோப்பு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாய் நின்றார்.

“ஒஸ்தாப்போட போய் வோட்டுப் போட்டுட்டு வாறன்.”

“இண்டைக்கு வேண்டாமே. வெளியில சரியான குளிர்,” என்று றோசம்மா தடுமாறினாள்.

யாகோப்பு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அவற்ர பேர் இல்லாததைப் பாத்திட்டீர் போல.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“முதல் கிழமையே தெரியும். நிக்கிற எல்லாற்ர முகமும் போஸ்டரில கிடக்கு. அவரைக் காணேல்லை.”

“கடவுளே, பிறகும் ஏனப்பா அந்தக் காலை வைச்சுக்கொண்டு இவ்வளவு மாடி ஏறினீங்கள்?”

யாகோப்பு குரலைத் தாழ்த்தினார்.

“பாவமப்பா. அவற்ர ஊரில ஒருத்தரும் அவருக்குக் கதவு திறக்கேல்லையாம். இஞ்சை என்னோட வந்தால் போற வீடெல்லாம் இருத்தி வைச்சுத் தேத்தண்ணி குடுக்குதுகள். நானும் வரமாட்டன் எண்டால், அந்த மனுசனுக்கு வேற ஆர் இருக்கினம்?”