காலியாக இருந்த இடம்

ஓசூர் கல்லூரிக்கு மாற்றல் கேட்டு வந்திருந்த அஸ்வினும் சுவாதியும் முதல்வர் அறைக்கு வெளியே முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அன்றுதான் பழக்கம். பேச்சு எப்படியோ சாமியில் வந்து நின்றது.

"சாமியாவது ஒண்ணாவது" என்றாள் சுவாதி.

அஸ்வினுக்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லாதீங்க. போன வருசம் குருபரப்பள்ளிகிட்ட கம்பெனி வேன் ஒண்ணு கவுந்துச்சே, எங்கப்பா அதுல வர வேண்டியவரு. கோயில்ல அபிசேகம் முடியட்டும்னு நின்னுட்டாரு. அவரு எடத்துல ஏறி ஒக்காந்தவரு மட்டும்தான் பொழைக்கல. எங்கப்பாவக் காப்பாத்துனது சாமி இல்லாம வேற யாரு?"

ஜெயித்துவிட்ட தெம்பில் அவன் பேச்சை மாற்றினான்.

"ஆமா, நீங்க எதுக்கு சேலம் காலேஜ விட்டுட்டு இங்க வர்றீங்க?"

"வீட்ல அம்மா தனியா இருக்காங்க. அப்பா போன வருசம் தவறிட்டாரு. அன்னிக்கு அவரு அடுத்த வண்டிக்குதான் நின்னுட்டிருந்தாரு. மூர்த்தி சார் வரல, எடம் காலியா இருக்குன்னு கூப்பிட்டு ஏத்திக்கிட்டாங்க."

தன் அப்பாவின் பெயரை அஸ்வின் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தான். எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை.

உள்ளிருந்து வந்த அலுவலக உதவியாளர், "ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சி. ஒரே கிளாஸ்தான், உள்ள வாங்க" என்றார்.

சுவாதி எழுந்தாள். அஸ்வின் உட்கார்ந்தே இருந்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உங்கப்பா இப்ப நல்லா இருக்காரா?"