சின்ன ரெண்டு

"யாரும் அந்தப் பாட்டிலைத் தொடாதீங்க!" என்று அலறினாள் இயற்பியல் டீச்சர்.

பள்ளி ஆய்வகத்தின் தரையில், அலமாரிக்குப் பக்கத்தில், வேதியியல் சார் மல்லாந்து கிடந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். மேஜைமேல் ஆரஞ்சு நிறத் தூள் நிரம்பிய பாட்டில் ஒன்று இருந்தது. முதல் மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சார்! சார்!" என்று உலுக்கினாள். அசைவே இல்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

தலைமையாசிரியை மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயையோ, என்னாச்சு இவருக்கு? ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்க்க வர்ற அன்னிக்குப் பார்த்தா இப்படி ஆகணும்!"

"மேடம், சார் கையைப் பாருங்க."

இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது. முதலில் K₂CrO₄. அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே K₂Cr₂O₇.

"என்ன டீச்சர் இது?"

"பொட்டாசியம் டைகுரோமேட். இந்த ஆரஞ்சுப் பாட்டில்ல இருக்கறதேதான். கொடிய விஷம் மேடம்! எப்படியோ வாய்க்குள்ள போயிருக்கு. நினைவு தப்பறதுக்குள்ள, டாக்டருக்குத் தெரியட்டும்னு எழுதி வெச்சிருக்கார்."

தலைமையாசிரியை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

டீச்சருக்கு அழுகை முட்டியது. அவளும் இதே பள்ளியில் இவரிடம் படித்தவள்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சின்ன ரெண்டு'. ஃபார்முலாவில் எழுத்துக்குக் கீழே போடும் சின்ன எண்ணை யாராவது விட்டுவிட்டால் போதும், "எங்கே சின்ன ரெண்டு?" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பும் சேர்ந்து எழுந்து நிற்கும். புத்தகத்தைக் கையால் தொட மாட்டார். வலது கையில் சாக்பீஸ், இடது கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். அத்தனை கோபத்தையும் அதற்குள்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். அவளும் அதை நம்பியவள்தான்.

சாருடன் டீச்சரும் ஆம்புலன்ஸில் ஏறியதும் ஊழியர் கேட்டார்: "கையில ரெண்டு ஃபார்முலா எழுதியிருக்கே, எதைச் சாப்பிட்டார்?"

"அடிச்சது வேற பொருள். கீழ இருக்கறதுதான் சரி. உயிர் போற நேரத்துலயும் தப்பா எழுதிடக் கூடாதுன்னு அடிச்சுத் திருத்தியிருக்கார் பாருங்க."

"அந்தத் தூள் கையில ஒட்டியிருக்கலாம், நல்லாத் துடைச்சிடுங்க."

சோப்பு நீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தாள். எழுத்து கரைந்து போனது. கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. 'போயிடாதீங்க சார், போயிடாதீங்க' என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"நாக்குல ஒரு கறைகூட இல்லையே! விஷம் எதுவும் உள்ள போன மாதிரி தெரியலம்மா. சர்க்கரைதான் ஒரேயடியா இறங்கியிருக்கு. காலையில ஒண்ணும் சாப்பிடலை போல. எதுக்கோ பயங்கரமாப் பயந்திருக்கார்."

"சாரா? பயமா? இவரைப் பார்த்துதான் டாக்டர் பள்ளிக்கூடமே நடுங்கும்!"

குளுக்கோஸ் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சார் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்றுகூடக் கேட்கவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து விரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது.

"யாரும்மா இதை அழிச்சது?"

"நான்தான் சார். விஷம்னு நினைச்சு..."

டாக்டர் வெளியே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பாட்டில் லேபிளைப் பார்த்து, இப்பதாம்மா சரியா எழுதி முடிச்சேன்... இன்ஸ்பெக்டர் முன்னாடி இனி எதைப் பார்த்து போர்டுல எழுதுவேன்? இந்தச் சின்ன ரெண்டெல்லாம் எனக்கு ஒரு நாளும் மனசுல நின்னதே இல்லைம்மா!"