முன்வரிசைக் கதிரை

"லாஸ் வேகாசுக்கோ? கோயில் மடப்பள்ளியில நிக்கிற உனக்குச் சூதாட்ட ஊரில என்ன அலுவல்?"

சுவிஸ் ஓஸ்டர்முண்டிகனில் தங்கை சிவமலரின் வீட்டுக்குள் நுழையும்போதே குகதாசன் கத்தினார்.

"ஊர் பார்க்கப் போறன், அண்ணை. ஷோவும் பார்ப்பன்." அவள் பெட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அரைகுறை உடுப்போட ஆடுறதையோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். ஆஸ்பத்திரி வேலைக்கு லீவும் எடுத்திட்டன். நான் போறன்தான்."

பெட்டிக்குள் காகிதத்தில் மடித்த விபூதிச் சரையைக் கண்டதும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இதை ஏன் அங்க கொண்டு போறாய்?"

"மேடை ஏற முதல் பூசிவிட ஒரு பெரியாள் வேணுமெல்லோ? அவளின்ர அரங்கேற்றத்துக்கு நீங்கள்தானே பூசிவிட்டனீங்கள்."

குகதாசன் அப்படியே நின்றார். ஆடுவதையே தொழிலாக்கினால் நீ என் மகள் இல்லை என்று மதுஜாவிடம் சொல்லிக் கதவைச் சாத்தி நாலு வருடமாகிறது.

சிவமலர் இரண்டு டிக்கெட்டுகளை மேசையில் வைத்தாள். "உங்கட மகள் தான் ஆடுற ஷோவுக்கு அனுப்பினது. முன்வரிசை. நீங்கள் வராட்டிலும் அந்தக் கதிரையில ஒருத்தரையும் இருக்க விடமாட்டன்."

அவர் பெட்டியருகே போனார். பிறகு விபூதிச் சரையை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

"உனக்கு மறதி கூட. இதை நானே கொண்டு வாறன்."