கை மாற்றிய பிள்ளை

அரசாங்கம் கொடுக்கும் சக்கர நாற்காலிக்காகப் பேச்சித்தாய் தன் மகன் மந்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாராவாரம் அதற்கான அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாள். நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளை, கண்ணுகளா. கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கும். வீட்டில் விட்டுவிட்டு வந்தால், "ஆளைக் காட்டணும்மா. ஆளைப் பாக்காம எப்படிக் கொடுக்கறது?" என்பார் அதிகாரி. தூக்கி வந்தால், "பாத்தாச்சு, அடுத்த வாரம் வா" என்பார். ஒருநாள் இருவரும் மழையில் நனைந்து திரும்பினார்கள். அந்தக் காய்ச்சலிலேயே மந்திரம் செத்துப்போனான்.

அடுத்த வாரமும் அவள் படியேறினாள். இடது கையை வளைத்து, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, மூச்சு வாங்க மேசை முன் நின்றாள். இடுப்பில் யாரும் இல்லை.

"ஆளைக் கொண்டாந்திருக்கேன் சார். நல்லாப் பாத்துக்கிடுங்க."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேள்விப்பட்டேம்மா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"கை கடுக்கு சார். செத்த நேரம் பிடிங்க."

அவள் குனிந்த விதத்தில் அவர் தம்மை அறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். பேச்சித்தாய் பதமாக வைத்தாள். தலை சரியாதபடி அவர் முழங்கையைச் சற்றே உயர்த்திவிட்டாள்.

"கீழ இறக்கிராதீங்க. அவனுக்கு நிக்க வராது."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் வீசியபடி அவள் படியிறங்கிப் போனாள்.

சாயங்காலம் பியூன் சாவியோடு வந்தான். "சார், பூட்டணும்."

நீட்டிய கைகளை அவர் இன்னும் மடக்கவில்லை. "கை கடுக்குதுய்யா. கொஞ்சம் பிடி."

பியூன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.