மச்சானுக்கு விருந்து

"ஞாயித்துக்கிழமை உன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடு," என்றான் டுவேன்.

லொரெய்ன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "வெண்டலையா? உன் காரைக் கோழிக்கூடுன்னு சொன்னதுக்கு மூணு வருஷமா அவன்கூடப் பேசலையே நீ."

"சொந்தம் விட்டுப் போகுமா? பன்றி விலா நிறைய வாங்கு. அவன் நல்லாச் சாப்பிடுவான்."

லொரெய்னுக்குக் கண் கலங்கியது. ஒரு வாரமாக அந்தப் பழைய காரின் பின்சக்கரங்களில் அகல டயர் மாட்டுகிறேன் என்று, டயருக்கு மேலே வளையும் தகரத்தின் விளிம்பைப் பேஸ்பால் மட்டையால் தட்டி மடக்கிக்கொண்டிருந்தவன், எப்போது மனம் மாறினான்?

ஞாயிறன்று வெண்டல் வந்தான். சட்டை அவன்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது.

"டாக்டர் மிரட்டிட்டார் அக்கா. அறுபது கிலோ குறைச்சுட்டேன்."

டுவேனின் முகம் வாடியது. "யாரைக் கேட்டுக் குறைச்ச?"

"என்ன பேச்சு இது?" என்றாள் லொரெய்ன்.

"வெறும் வண்டியில டயர் உரசல. பின்சீட்டுல பாரம் ஏறினா மேல் தகரத்துல இடிக்குதான்னு பார்க்க வேணாமா? இவனை நம்பித்தானே இவ்வளவு அகலமா டயர் வாங்கினேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டியா?"

டுவேன் விலாத் தட்டை மொத்தமாக வெண்டல் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடு மச்சான். தினமும் வா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."