முழங்கால் மருந்துக்கு ஒரு நிரை

சுலக்ஷனா பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலை நீட்டினாள்.

காளியாயி டியூபை அமுக்கினாள். பட்டாணி அளவு ஜெல் எட்டிப் பார்த்தது. அதில் பாதியை மட்டும் விரல் நுனியில் எடுத்து அவள் காலில் வைத்தாள்.

"என்னாக்கா இது, கோயில்ல திருநீறு குடுக்குற மாதிரி? காலுல ஏறுற அட்டைக்கு இது பத்துமா?"

"வேணாட்டிப் போ. உன் நிரைய நீயே வச்சிக்க."

சுலக்ஷனா கணுக்காலைச் சுற்றித் தேய்த்தாள்.

காலையில் கங்காணி அழகன் கொழுந்து பறிக்க ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்தபோது, ரோட்டோரமாகச் சமதரையில் போகும் நிரை சுலக்ஷனாவுக்கு விழுந்தது. உச்சி வரை ஏறும் நிரை காளியாயிக்கு. இப்போது, அரைப் பட்டாணி ஜெல்லுக்கு, இரண்டும் கை மாறின.

ஜெல் அட்டைக்கானது இல்லை. காளியாயியின் வலது முழங்காலுக்கு நுவரெலியாவில் டொக்டர் எழுதிக் கொடுத்தது. ரெண்டு கிழமை, பதினாலு நாளும், விடாமல் பூச வேண்டும். வீக்கம் வற்றாவிட்டால் முட்டிக்குள் ஊசி. ஊசி எவ்வளவு நீளம் என்று அவர் விரலை விரித்துக் காட்டிய நாளிலிருந்து, காளியாயி ஒரு வேளை கூடத் தவறவில்லை.

அந்த மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. வீங்கிய மூட்டில் உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. வலியைக் கிளப்புவதும் வீக்கத்தை வளர்ப்பதும் அதுதான். மருந்து அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் அது வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, ஊரெல்லாம் சுற்றித்தான் முட்டிக்கு வரும். போகிற வழியில் வயிற்றையும் கொஞ்சம் புண்ணாக்கலாம். ஜெல் அப்படியில்லை. தோல் வழியாக இறங்கி, பெரும்பாலும் பூசிய இடத்திலேயே தங்கி வேலை பார்க்கும்.

ஆனால் மெதுவாக. பூசியதும் தெரிகிற குளிர்ச்சி வெறும் குளிர்ச்சிதான். குணம் நாள்போக்கில் வரும். அதற்குள் முட்டியை மலையேற வைத்தால், ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த கதைதான்.

இது காளியாயிக்கும் தெரியும். ஆனாலும் கங்காணியிடம் போய், முடியவில்லை, லேசான நிரை கொடுங்கள் என்று கேட்கிற ஆள் அவள் இல்லை.

நல்லவேளை, போன கிழமை சுலக்ஷனா ஜெல்லை மோந்து பார்த்து, இந்த வாசத்துக்கு அட்டை கிட்டவே வராது என்று சொல்லி வைத்தாள். கூடக் கொழுந்து பறிக்கும் ராக்காயியும் ஆமாம் போட்டாள். காளியாயிக்கு நம்பிக்கையில்லை. இந்த மழையில் எந்த ஜெல் காலில் நிற்கும்? ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. டொக்டர் கொடுத்த மருந்தைச் சும்மா தர ஏலாது என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து, இரண்டு பேரில் யாருக்குச் சமதரை நிரை விழுந்தாலும் அது காளியாயிக்குத்தான்.

ஏமாளிப் பெண்கள். நினைத்தால் மனசு கொஞ்சம் குத்தியது. ஊசியை நினைத்தால் அந்தக் குத்தல் நின்றுவிட்டது.

அடுத்து ராக்காயி காலை நீட்டினாள். முந்தின நாள் அட்டை கடித்த இடம் சிவந்து கிடந்தது.

"ஏ, புண்ணு மேல பூசக் கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு."

அதற்குள் ராக்காயி இழுத்துத் தேய்த்துவிட்டாள்.

"ஸ்ஸ்... ஆத்தே! பாத்தியாடி, எனக்கே இந்த எரிச்சல்னா அட்டைக்கு எப்படி இருக்கும்!"

சிரித்துக்கொண்டே இருவரும் கூடையை மாட்டி மேலே ஏறினார்கள்.

காளியாயி கல்லில் உட்கார்ந்து தன் முழங்காலில் தாராளமாகப் பூசினாள். அழுத்தாமல், வட்டம் வட்டமாக. காயும் வரை படங்கை எடுக்கவில்லை. மழைக்கு இடுப்பில் சுற்றும் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை ஈர ஜெல்லின் மேல் இறுக்கிக் கட்டினால், தோல் அளவுக்கு மேல் மருந்தை உறிஞ்சி வெந்துபோகும். பிறகு மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவினாள். தேயிலை எந்த வாசத்தையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மருந்துக் கையோடு கொழுந்தைத் தொட்டால் கங்காணி சும்மா விடமாட்டார்.

எழுந்தாள். கல்லில் கை ஊன்றவில்லை.

குனிந்து பார்த்தாள். பூசணிக்காய் மாதிரி இருந்த முட்டியில் சில்லு மறுபடி தெரிந்தது. வியாழக்கிழமை கிளினிக். டொக்டர் ஊசியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

மேலே, பாதை திரும்பும் இடத்தில், காளியாயியின் கண்ணுக்கு மறைந்ததும் இருவரும் நின்றார்கள்.

ஈரப் புல்லைப் பிடுங்கிக் காலில் இருந்த ஜெல்லைத் துடைத்தார்கள். இடுப்பில் செருகியிருந்த சிறு துணி முடிச்சுகளை எடுத்தார்கள். உப்பும் சவர்க்காரமும் வைத்துக் கட்டியவை. அவற்றைத் தண்ணீரில் நனைத்து, கணுக்காலிலிருந்து முட்டி வரை தேய்த்தார்கள். தினமும் செய்கிற மாதிரி.

"டியூப்பு தட்டையாயிருச்சுக்கா," என்றாள் சுலக்ஷனா. "கிளினிக்குக்கு இன்னும் நாளைக்கு ஒரு நாளு இருக்கே. மருந்து முடிஞ்சிட்டா என்னாத்தக் கேக்குறது? நிரைய சும்மா குடுத்தா வாங்க மாட்டாங்களே."

ராக்காயி குனிந்து, விரலிடுக்கில் ஏறிக்கொண்டிருந்த அட்டையைச் சுண்டிவிட்டாள்.

"காலி டியூப்பக் கேளு. அதக் காட்டுனாலே அட்டை பயந்து ஓடுதுன்னு சொல்லு."